வட்டமுனை எழுத்துரு: தலைப்புகளுக்கும் பலகைகளுக்கும் எதைத் தேர்ந்தெடுப்பது?

மைக்கூடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிறுவர்களுக்கான அறிவியல் கண்காட்சி ஒன்றின் காட்சி வடிவமைப்பு என் பொறுப்பில் இருக்கிறது. ஏ2 அளவுச் சுவரொட்டிகள், வழிகாட்டும் அம்புப் பலகைகள், கழுத்தில் தொங்கவிடும் பெயரட்டைகள், கண்ணாடிக் கதவில் ஒட்டும் வினைல் எழுத்துகள் ஆகிய அனைத்திலும் ஒரே குரல் ஒலிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கோடுகளின் முனைகள் வட்டமாக முடிகிற சான்ஸ் செரிஃப் (முனைகளில் அலங்காரக் கோடுகள் இல்லாத) எழுத்துருதான் இதற்குப் பொருந்தும் என்பதில் குழுவில் ஒருமித்த கருத்து இருக்கிறது. எந்த எழுத்துரு என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் நுனிட்டோ, குவிக்சாண்ட், வரேலா ரவுண்ட், கம்ஃபர்டா, ஃப்ரெடோகா ஆகியவற்றைப் பார்த்தேன். பட்டியலில் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஐந்தும் உடன்பிறந்தவை போலவே தெரிகின்றன. ஆனால் எங்கள் தலைப்பை அவற்றில் அமைத்துப் பார்த்தவுடன் ஒன்று மழலைத்தனமாகவும், இன்னொன்று மென்பொருள் நிறுவனத்தின் அறிமுகப் பக்கம் போலவும் மாறிவிடுகிறது. முனைகள் எல்லாவற்றிலும் வட்டமாகத்தானே இருக்கின்றன, அப்படியானால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. குழுவில் ஒருவர், எங்களிடம் ஏற்கெனவே உரிமத்துடன் இருக்கும் கூர்முனை எழுத்துருவை எடுத்து, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் அதே நிறத்தில் வட்ட இணைப்புள்ள வெளிக்கோடு ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், புதிய எழுத்துரு எதற்கு என்று கேட்கிறார். அந்த வழி ஏற்கத்தக்கதா? தலைப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும் என்பதையும் கருத்தில் கொண்டு ஆலோசனை கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

---

வளைகோடு

உங்கள் நண்பர் சொல்லும் வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது ஏன் சரிவராது என்பது புரிந்தால் மற்ற கேள்விக்கான விடையும் பெருமளவு கிடைத்துவிடும்.

எழுத்துருக்கள் பெரும்பாலும் 1000 அலகு உயரமுள்ள கட்டத்துக்குள் வரையப்படுகின்றன. அதில் செங்குத்துக் கோட்டின் அகலம் 90 அலகு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் 20 அலகு வெளியே நீளும்படி வெளிக்கோடு கொடுத்தால் கோட்டின் அகலம் 130 ஆகிவிடும். எழுத்தின் உள்வெளி, அதாவது கோடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம், இருபுறமும் சேர்த்து 40 அலகு சுருங்கும். பக்கத்து எழுத்துடன் உள்ள இடைவெளியும் அதே அளவு குறையும். இவ்வளவு விலை கொடுத்தும் நமக்குக் கிடைப்பது 130 அலகு அகலக் கோட்டின் மூலையில் 20 அலகு ஆரமுள்ள சிறு மழுங்கல் மட்டுமே. முனை அரைவட்டமாகாது. அதைவிட முக்கியமானது, இந்த முறை வெளிமூலைகளை மட்டுமே மழுக்கும். ஒரு கோடு இன்னொரு கோட்டுடன் சேரும் உள்மூலைகள் முன்பிருந்தது போலவே கத்தி முனையாக நிற்கும். வெளியே மென்மை, உள்ளே கூர்மை என்ற இந்த முரண்பாட்டைத்தான் பார்ப்பவர் பெயர் சொல்லத் தெரியாமல் 'ஏதோ ஊதிப்போனது போல இருக்கிறது' என்று உணர்கிறார்.

தடித்த எழுத்துக்குப் பதிலாக மிக மெல்லிய எடையை (எடை என்பது எழுத்துருவின் தடிமன்) எடுத்து அதற்குத் தடித்த வெளிக்கோடு கொடுத்தால் முனைகள் ஏறத்தாழ அரைவட்டமாகும் என்பது உண்மை. அப்போது சிக்கல் இணைப்புகளுக்கு நகர்ந்துவிடும். தேர்ந்த வடிவமைப்பாளர், ஆங்கிலச் சிறிய எழுத்து 'என்'னில் வளைவு தண்டிலிருந்து பிரியும் இடத்தில் கோட்டைச் சற்று மெலியவைப்பார். இல்லாவிட்டால் அந்த இடத்தில் கறுப்பு தேங்கிக் கறை போலத் தெரியும். தானியங்கி முறைக்கு இந்த விவேகம் கிடையாது.

முனையை அரைவட்டமாக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. 100 அலகு அகலக் கோட்டின் முனையை 50 அலகு ஆரமுள்ள அரைவட்டமாக மாற்றினால், வெட்டுப்படும் இரண்டு மூலைகளின் பரப்பு ஏறத்தாழ 1073 சதுர அலகு. அதாவது ஒவ்வொரு முனையிலும் கோடு 10 அலகுக்குச் சற்று மேல் குட்டையானதற்குச் சமம். அளவுகோல் வைத்துப் பார்த்தால் கோடு எழுத்துகள் வரிசையாக நிற்கும் அடித்தளத்தைத் தொடும், ஆனால் கண்ணுக்கு அது தொடாமல் தொங்குவதாகத் தோன்றும். ஆகவே நல்ல வட்டமுனை எழுத்துருக்களில் நேர்க்கோடுகளும்கூட அடித்தளத்துக்குக் கீழே சிறிது இறக்கி வரையப்படுகின்றன. சாதாரண சான்ஸ் செரிஃபில் ஆங்கில 'ஓ' (O) போன்ற வட்ட எழுத்துகளுக்கு மட்டும் அளிக்கப்படும் சலுகை இங்கே ஏறத்தாழ எல்லா எழுத்துகளுக்கும் தேவைப்படுகிறது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். முனை வட்டமாக இருப்பது இந்த ஐந்துக்கும் பொதுவான அம்சம், எனவே வேறுபாடு அங்கே இருக்க முடியாது. எலும்புக்கூட்டில், அதாவது எழுத்தின் அடிப்படை வடிவத்தில்தான் இருக்கிறது. குவிக்சாண்டும் கம்ஃபர்டாவும் வடிவகணித வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டிலும் ஆங்கிலச் சிறிய 'ஏ' (a) ஒற்றைக் கூடாக, வட்டமும் தண்டும் மட்டுமாக இருக்கிறது. அதனால் அவை நவீனமாகவும் சற்றே விலகி நிற்பவையாகவும் தெரிகின்றன. தொலைவிலிருந்து படிக்கும்போது 'ஏ'வும் 'ஓ'வும் ஒன்றுபோலவே தோன்றும் ஆபத்தும் உண்டு. நுனிட்டோவிலும் வரேலா ரவுண்டிலும் 'ஏ' மேல்வளைவுடன் இரண்டு அடுக்காக வருவதால் சொற்கள் எளிதாகப் பிரிந்து தெரிகின்றன. ஃப்ரெடோகா தலைப்புக்கென்றே பிறந்தது. தடித்து, குண்டாக, கொஞ்சம் குறும்புடன் இருக்கும். உங்களுக்கு மழலைத்தனமாகத் தெரிந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். சிறுவர் கண்காட்சியின் பெரிய தலைப்புக்கு அது குறையே அல்ல, பெயரட்டைக்குக் குறைதான்.

என் பரிந்துரை இதுதான்: பெரிய தலைப்புகளை ஃப்ரெடோகாவின் தடித்த எடையிலும், பலகைகளை நுனிட்டோவிலும், நீண்ட விளக்கங்களை நுனிட்டோ சான்ஸிலும் அமைக்கலாம். நுனிட்டோவும் நுனிட்டோ சான்ஸும் ஒரே எலும்புக்கூட்டின் இரண்டு வடிவங்கள், ஒன்றில் முனை வட்டம், மற்றதில் வெட்டிய முனை. எனவே இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும் மோதாது. வரேலா ரவுண்டுக்கு ஒரே ஒரு எடை மட்டும் இருப்பதால் உங்கள் பணிக்கு அது போதாது.

---

புள்ளியெழுத்து

மேலே சொல்லப்பட்டவை ஆங்கில எழுத்துகளுக்கு மிகச் சரி. ஆனால் கேள்வியில் தமிழும் இருக்கிறது. ஃப்ரெடோகாவிலோ நுனிட்டோவிலோ தமிழ் எழுத்துகளே கிடையாது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவற்றில் தமிழைத் தட்டச்சு செய்தால் கணினி தானாகவே வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். விளைவு, ஆங்கில வரி பஞ்சுபோலவும் அதன் கீழே தமிழ் வரி அரசாணை போலவும் நிற்கும்.

தமிழுக்கு வட்டமுனையில் திறந்த உரிமத்துடன் கிடைப்பவை குறைவு. இருப்பவற்றில் மூன்றைப் பார்க்கச் சொல்வேன். ஏக் டைப் நிறுவனத்தின் பலூ தம்பி 2 முதலாவது. 400 முதல் 800 வரை எடைகள் உள்ளன, தமிழும் ஆங்கிலமும் ஒரே கையால் வரைந்தது போல ஒத்துப்போகின்றன. காய்னி இரண்டாவது, மிகத் தடித்த, தூரிகையால் தீட்டியது போன்ற எழுத்துரு. ஒரே எடைதான், எனவே ஒரு பெரிய சொல்லுக்கு மட்டுமே உதவும். அரிமா மதுரை மூன்றாவது. முனைகள் மென்மையாக இருந்தாலும் அதில் கையெழுத்தின் சாயல் இருப்பதால் உங்கள் தேவைக்குச் சற்று விலகி நிற்கும். மூன்றில் எதை என்று கேட்டால் தயக்கமின்றிப் பலூ தம்பி 2 என்பேன்.

அதைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்துகளில் சுழிகள் அதிகம். எடை கூடக்கூட முதலில் அடைபடுவது 'ண', 'ணை', 'ஞ', 'இ' ஆகியவற்றின் உள்வெளிதான். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு சுழி என்பதால், தடித்த எடையில் இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் 'மனம்' எது, 'மணம்' எது என்று சிறுவர்கள் தடுமாறலாம். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இதே நிலைதான். 'கெ'வையும் 'கே'வையும் பிரிப்பது ஒரு சிறு சுழி. எனவே பலகைகளுக்கு 800 எடையைத் தவிர்த்து 600இல் நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் உரையில் உள்ள மிகச் சிக்கலான சொல் எதுவோ அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு எடையைத் தீர்மானியுங்கள். எழுத்துருத் தளம் காட்டும் மாதிரி வரியை நம்பித் தீர்மானிக்காதீர்கள்.

இன்னொரு கருத்து, இது கொஞ்சம் என் சொந்த ரசனை சார்ந்தது. தமிழில் 'ப', 'ட', 'ம' ஆகியவற்றுக்கு உண்மையான மூலைகள் உண்டு. வட்டத்தின் மேல் கொண்ட மோகத்தில் 'ப'வின் கீழ் மூலைகள் இரண்டையும் முழுதாக வளைத்துவிட்டால் அது ஆங்கிலத்தின் 'யு' ஆகிவிடுகிறது. கோட்டின் முனையை உருட்டுவது வேறு, எழுத்தின் மூலையை உருட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதும் எழுத்துருக்கள் இலவசத் தளங்களில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தவிர்த்துவிடுவது நல்லது.

---

மைக்கூடு

இருவருக்கும் நன்றி. வெளிக்கோடு யோசனையைக் கைவிட்டுவிட்டோம். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் பலூ தம்பி 2இலேயே அமைத்தால் ஃப்ரெடோகா தேவைப்படாது என்று தோன்றுகிறது. ஆனால் பெயரட்டையில் சிறுவரின் பெயருக்குக் கீழே அவர் சார்ந்த குழு, இருக்கை எண், அவசரத் தொடர்பு எண் ஆகியவை சிறிய அளவில் வர வேண்டும். அவற்றையும் இதே எழுத்துருவில் போடலாமா? இணையப் பக்கம் ஒன்றும் தயாராகிறது. அதிலும் பத்தி எழுத்துக்கு இதையே பயன்படுத்தலாமா?

---

அச்சுக்கட்டை

இரண்டு இடங்களிலும் வேண்டாம் என்பது என் கருத்து.

கோட்டின் அகலம் 90 அலகு என்ற மேலுள்ள கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 16 பிக்சல் அளவில் அந்தக் கோடு ஏறத்தாழ ஒன்றரை பிக்சல்தான். முனையின் ஆரம் முக்கால் பிக்சலுக்கும் குறைவு. அந்த அளவில் வட்டம் என்பது கண்ணுக்கே தெரியாது, எழுத்து கொஞ்சம் மங்கலாக இருப்பது மட்டும் தெரியும். அதுவே 96 பிக்சலில் ஆரம் நான்கு பிக்சலைத் தாண்டுகிறது, அப்போதுதான் வட்டமுனை தன் வேலையைச் செய்கிறது. சிறிய அளவில் அதன் நன்மை மறைந்து தீமை மட்டும் எஞ்சுகிறது.

எண்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. பல வட்டமுனை எழுத்துருக்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஐ'யும் சிறிய எழுத்து 'எல்'லும் ஒரே மாத்திரை வடிவமாக நிற்கின்றன. சிலவற்றில் 1 என்ற எண்ணும் அவற்றுடன் சேர்ந்துகொள்கிறது. 6, 8, 9 ஆகியவற்றின் உள்வெளிகள் தடித்த எடையில் மூடிக்கொள்கின்றன. அவசரத் தொடர்பு எண்ணில் அழகைவிடத் தெளிவுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். பெயருக்கு மட்டும் பலூவைப் பயன்படுத்தி, மற்ற விவரங்களை முக்த மலர் போன்ற வெட்டுமுனை எழுத்துருவில் போடுங்கள். அதுவும் ஏக் டைப் வெளியிட்டதுதான்; இணையப் பக்கத்தின் பத்திகளுக்கும் அதுவே போதும்.

இங்கே எல்லோரும் 'வட்டமென்றால் நட்பு' என்பதைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருப்பதால் ஒரு சிறு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். வளைந்த வடிவங்களை மக்கள் கூர்மையானவற்றைவிட விரும்புகிறார்கள் என்று மோஷே பார், மைட்டல் நெட்டா ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு கூறுவது உண்மைதான். 'பூபா', 'கிகி' என்ற பொருளற்ற இரு சொற்களில் உருண்டையான வடிவத்துக்கு எதைப் பொருத்துவீர்கள் என்று கேட்டால் ஏறத்தாழ எல்லோரும் 'பூபா'வையே சொல்கிறார்கள் என்று ராமச்சந்திரனும் ஹப்பர்டும் 2001இல் எழுதியதும் பலர் அறிந்ததே. ஆனால் இவை பொருள்களையும் உருவங்களையும் பற்றிய சோதனைகள். ஒரு சுவரொட்டியைப் படித்து அதன்படி நடப்பதைப் பற்றியவை அல்ல.

வட்டமுனை எப்போதும் நட்பைக் குறிக்காது என்பதற்கு வரலாறும் சான்று. கருவிப் பலகைகளிலும் இயந்திரங்களிலும் சுழலும் வெட்டுமுனையால் எழுத்து செதுக்கப்பட்ட காலத்தில், அந்த முனை உருண்டையாக இருந்ததால் கோடுகளின் முனைகளும் உருண்டையாகவே அமைந்தன. நட்பு காட்டுவதற்காக யாரும் அப்படிச் செய்யவில்லை. அந்த எழுத்துகளைப் பார்த்தால் இன்றும் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். 1979இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக உருவான விஏஜி ரவுண்டட் என்ற வட்டமுனை எழுத்துரு, முதலில் கார் விற்பனையின் முகமாக இருந்தது. பின்னாளில் அதே எழுத்துரு ஆப்பிள் விசைப்பலகைகளில் பல ஆண்டுகள் இடம்பெற்றது. முனை மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த நிறமும் பொருளும் இடமும்தான் மாறின. எனவே உங்கள் சுவரொட்டி நட்பாகத் தோன்ற வேண்டுமானால் எழுத்துருவுக்கு இணையான கவனத்தை வரிகளுக்கு இடையிலான வெளிக்கும் வாசகத்தின் தொனிக்கும் கொடுங்கள். உருண்டையான எழுத்தில் 'அனுமதி இல்லை' என்று எழுதினாலும் அது அனுமதி இல்லைதான்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வரி. வட்டமுனை எழுத்துடன் வெளிர் மஞ்சளும் இளம்பச்சையும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. பெரிய எழுத்துகளுக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3:1, சிறிய எழுத்துகளுக்கு 4.5:1 என்ற மாறுபாட்டு விகிதத்தை இணைய அணுகல் வழிகாட்டுதல்கள் கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் வெளிர் மஞ்சள் இதன் அருகில்கூட வராது.

---

வளைகோடு

விஏஜி ரவுண்டட் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முடிவை முழுதாக ஏற்க இயலவில்லை. சூழல் தொனியை மாற்றும் என்பது சரி. அதற்காக வடிவத்துக்குத் தனிக் குணமே இல்லை என்று ஆகிவிடாது. அதே சுவரொட்டியை, அதே நிறத்துடன், வெட்டுமுனை எழுத்துருவிலும் வட்டமுனையிலும் அமைத்துச் சிறுவர்களிடம் காட்டிப் பாருங்கள், விடை அவர்களிடமிருந்தே கிடைக்கும்.

சிறிய அளவில் தவிர்க்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. தமிழும் கட்டாயம் என்றால் ஃப்ரெடோகாவைப் பற்றிய என் பரிந்துரையையும் விலக்கிக்கொள்ளலாம். ஒரே எழுத்துருவில் இரு மொழிகளும் கிடைக்கும்போது இரண்டைச் சேர்த்துத் தைப்பதற்குத் தேவை இல்லை.

---

புள்ளியெழுத்து

உரிமத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். இந்த இழையில் பரிந்துரைக்கப்பட்ட கூகுள் ஃபான்ட்ஸ் எழுத்துருக்கள் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வருகின்றன. வணிகப் பணிக்கும் பயன்படுத்தலாம், மாற்றியும் அமைக்கலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது, மாற்றியமைத்த வடிவத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். சுவரொட்டிக்கு அந்த உரிமம் ஒட்டிக்கொள்ளாது. மாறாக, மேக் கணினியில் வேலை செய்பவர்கள் ஆப்பிளின் வட்டமுனை எழுத்துருவான எஸ்எஃப் ரவுண்டட் கைவசம் இருக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாது. ஆப்பிள் தளங்களுக்கான செயலி இடைமுக மாதிரிகளை உருவாக்க மட்டுமே அதன் உரிமம் இடமளிக்கிறது.

---

மைக்கூடு

தலைப்புக்கும் பலகைக்கும் பலூ தம்பி 2, மற்றவற்றுக்கு முக்த மலர் என்று முடிவு செய்திருக்கிறோம். கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. வினைல் எழுத்துகளை வெட்டித் தருபவர், எழுத்துருவை அனுப்ப வேண்டாம், எழுத்துகளை வெளிவரையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி அனுப்புங்கள் என்கிறார். எடையை விருப்பம்போல மாற்றக்கூடிய வேரியபிள் எழுத்துருவிலிருந்து அப்படி மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

---

அச்சுக்கட்டை

உண்டு, அவசியம் கவனியுங்கள். வேரியபிள் எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் பாகங்கள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த தனித்தனி வரைகளாகவே வைக்கப்பட்டிருக்கும்; எடை மாறும்போது ஒவ்வொரு பாகமும் தடங்கலின்றி நகர்வதற்காக அந்த ஏற்பாடு. திரையிலும் அச்சிலும் இது தெரியாது. ஆனால் வெட்டும் இயந்திரம் வரையைப் பின்பற்றிக் கத்தியை நகர்த்துவதால், படிந்த இடங்களிலெல்லாம் எழுத்தின் நடுவே கீறிவிடும். வெளிவரையாக மாற்றியபின் இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டர் பலகையின் யுனைட் கட்டளையையோ இன்க்ஸ்கேப்பில் யூனியன் கட்டளையையோ கொடுத்து ஒவ்வொரு எழுத்தையும் ஒரே வடிவமாக்கிவிடுங்கள். பிறகு நிரப்பு நிறத்தை நீக்கி, வெறும் வரைகளை மட்டும் பார்க்கும் காட்சிக்கு மாறிச் சரிபாருங்கள். கோட்டுக்குள் கோடு ஓடினால் இன்னும் இணையவில்லை என்று பொருள்.

புள்ளிகளையும் மறந்துவிடாதீர்கள். 'க்', 'ம்' போன்றவற்றின் புள்ளி தனித் துண்டாக வெட்டுப்படும் என்பதால், ஒட்டும்போது இடம் மாறாமலிருக்க முழு வரியையும் மாற்றுத்தாளில் (வெட்டிய எழுத்துகளை அப்படியே தூக்கி ஒட்ட உதவும் பசைத்தாள்) எடுத்து ஒரே நேரத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இதில் வட்டமுனை உங்களுக்குச் சாதகம்: வினைல் எழுத்துகள் உரியத் தொடங்குவது பெரும்பாலும் கூர்மூலைகளில்தான், இந்த எழுத்துருவில் அவை மிகக் குறைவு.